கண்ணில் படாத ஃபில்டர்



சேலம், நாமக்கல் சமவெளியில் மார்க்கக் கல்வி பெரும்பாலும் இருசக்கர வண்டியின் மீதேறித்தான் ஊர் ஊராகச் செல்கிறது. ஃபஜ்ருக்குப் பின் ஓர் ஊரில் மக்தப், பகலில் மத்ரஸாவில் பாடம், அஸருக்குப் பின் வேறோர் ஊரில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தல் என்று ஓர் உஸ்தாதின் நாள் கழிகிறது. ராசிபுரம், சேந்தமங்கலம், சங்ககிரி, பரமத்தி வேலூர் வட்டாரங்களில் பள்ளிவாசலுக்கும் பள்ளிவாசலுக்கும் இடையே தொலைவு அதிகம். தொழுகை நேரங்களுக்குத் தோதாகப் பேருந்தும் வருவதில்லை. எனவே வண்டி நின்றால் பாடம் நின்றது. எஞ்சின் பிடித்துக்கொண்டு, போர் வேலை என்று பட்டறைக்குப் போய்விட்டாலோ ஒரு மாத ஊதியம் அதிலேயே கரைந்துவிடும். பள்ளிவாசலில் பணிபுரிவோரின் ஊதியம் எவ்வளவு என்பது இதை வாசிக்கும் அன்பர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இதனை முன்னிட்டே, நாம் பணியாற்றும் மத்ரஸாவில் பட்டம் பெற்று வெளியேறவிருக்கும் மாணவர்களுக்கு, விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைக் காலையில், ஜும்ஆவுக்குக் குளிப்பதற்கு முன்னர், தங்கள் வண்டிக்குத் தாங்களே ஆயில் மாற்றப் பழக்கி வருகிறோம். பாடத்திட்டத்தில் இல்லாத பாடம்தான். அதில் ஆண்டுதோறும் தவறாமல் எழுகின்ற கேள்வி ஒன்று உண்டு. "ஹஜ்ரத், முப்பது ரூபாய்க்கும் ஃபில்டர் இருக்கிறது, தொண்ணூறு ரூபாய்க்கும் இருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரிதானே இருக்கின்றன?" ஆம், பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கின்றன. டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். பிரேக் தளர்ந்தால் காலுக்குத் தெரியும். ஃபில்டர் எஞ்சினுக்குள் மூடிக்கிடக்கிறது. அது வேலை செய்கிறதா இல்லையா என்பது எஞ்சின் கெட்ட பிறகே தெரியவரும். அவ்வாறு கண்ணில் படாத பொருளை விலையை மட்டும் பார்த்து வாங்கலாகாது என்பதே நம் கருத்து. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

நம் பகுதியில் ஆயில் மாற்றுவதில் காணப்படும் அலட்சியத்திற்கு ஒரு வரலாறு உண்டு. 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. அதுவும், அக்காலத்து ஸ்கூட்டர்களும், ராஜ்தூத், எஸ்டி போன்ற வண்டிகளும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்டவை. அவற்றில் பெட்ரோலுடனேயே ஆயிலைக் கலந்து ஊற்றுவர். அந்த ஆயில் எஞ்சினின் பாகங்களை நனைத்துவிட்டு, பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து, நீலப் புகையாக வெளியேறிவிடும். வடித்தெடுக்கப் பழைய எஞ்சின் ஆயில் என ஒன்று இல்லை, வடிகட்டவும் ஒன்றுமில்லை. கியர் பெட்டிக்கு மட்டும் எப்போதேனும் ஆயில் மாற்றுவார்கள். நம் தந்தையர் தலைமுறை வண்டி ஓட்டிப் பழகியது இப்படித்தான்.

1985-இல் ஹீரோ ஹோண்டாவின் சி.டி. 100 வந்தது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். அதில் ஆயில் எரிவதில்லை. எஞ்சினின் அடியில் தேங்கி நின்று, மீண்டும் மீண்டும் சுற்றிவருகிறது. அவ்வண்டிக்குச் செய்யப்பட்ட விளம்பரமோ, பெட்ரோலை நிரப்பி மூடிவிட்டு மறந்துவிடலாம் என்ற பொருள்பட அமைந்தது. பெட்ரோல் சிக்கனத்தைப் பற்றிச் சொன்ன அந்த வாசகத்தை நம் மக்கள் ஆயிலுக்கும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்களோ என்று நமக்கு ஐயம் உண்டு. 2015-இல் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியும் நான்கு ஸ்ட்ரோக்கிற்கு மாறியது. காய்கறி மூட்டையும் பால் கேனும் சுமக்கும் அந்த வண்டியை வைத்திருக்கும் பெரியவர்களுள் சிலர், "எக்ஸ்.எல்-லுக்கு என்ன ஆயில் மாற்றுவது?" என்று இன்றும் கேட்கிறார்கள். பழைய வண்டியின் வழக்கம் புதிய வண்டியிலும் தொடர்கிறது.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குள் சுற்றும் ஆயிலுக்குப் பல வேலைகள். உராய்வைக் குறைக்க வேண்டும். காற்றால் குளிரும் எஞ்சினில் வெப்பத்தைச் சுமந்து செல்ல வேண்டும். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே அடைப்பாக நிற்க வேண்டும். எரிந்த கரியையும் தேய்ந்த உலோகத் துகளையும் கழுவி எடுத்துவர வேண்டும். அது கறுத்துப்போவது இந்தக் கடைசி வேலையைச் செய்வதால்தான். ஆயில் கறுத்துவிட்டது என்பதனால் மட்டும் அது கெட்டுவிட்டதாகக் கொள்ளலாகாது. விரலில் தேய்த்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வழக்கத்தையும் நாம் ஏற்பதில்லை. எனினும் பாலில் டிகாஷன் கலந்தாற்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்றும், பெட்ரோல் நெடி அடித்தால் பெட்ரோல் இறங்கியிருக்கிறது என்றும் அறியலாம். அவ்விரண்டையும் உடனே கவனிக்க வேண்டும்.

ஆயில் கழுவி எடுத்துவரும் துகள்களைப் பிடித்து நிறுத்துவதே ஃபில்டரின் வேலை. மோட்டார் வாகனங்கள் தோன்றிய தொடக்க காலத்தில் இப்படி ஒரு பொருள் கிடையாது. 1923-இல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட் என்பவர் வடிவமைத்ததே கார்களுக்கான முதல் ஆயில் ஃபில்டர் என்பர். இன்றும் எல்லா பைக்குகளிலும் கடையில் வாங்கி மாற்றத்தக்க ஃபில்டர் இருப்பதில்லை என்பது பலருக்கும் வியப்பளிக்கக்கூடும். ஃபில்டர் வாங்கக் கடைக்குப் போகும் முன்னர் தம் வண்டியில் எந்த வகை இருக்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

நம் சாலைகளில் மிகுதியாகக் காணப்படும் ஸ்பிளெண்டரை எடுத்துக்கொள்வோம். 1994 முதல் வருகின்ற வண்டி. அதில் காகித ஃபில்டர் இல்லை. எஞ்சினின் அடியில் ஒரு கம்பிச் சல்லடை இருக்கிறது. வலப்பக்கத்து மூடிக்குள், கிராங்க் தண்டின் முனையில், தண்டோடு சேர்ந்து சுழலும் கிண்ணம் ஒன்று இருக்கிறது. அந்தச் சுழற்சியில் கனமான துகள்கள் ஓரத்திற்கு வீசப்பட்டுச் சுவரில் மை போல அப்பிக்கொள்கின்றன. தயிர் கடையும்போது வெண்ணெய் திரள்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும், இங்கே ஒதுங்குவது அழுக்கு. இதற்கு மாற்று ஃபில்டர் வாங்க வேண்டியதில்லை. ஆனால் கையேட்டில் குறித்த தூரம் ஓடியதும் வலப்பக்க மூடியைக் கழற்றி, அப்பியதைத் துடைத்து, சல்லடையையும் கழுவி, புதிய பேக்கிங் வைத்து மூட வேண்டும். ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு இதனை ஆண்டுக்கணக்கில் மறந்துவிடுவோரே அதிகம். ஸ்பிளெண்டர் வைத்திருக்கும் மாணவரிடம் "ஃபில்டரும் மாற்றிவிட்டேன்" என்று ஒரு பட்டறையில் சொல்லிப் பணமும் வாங்கியிருந்தார்கள். எந்த ஃபில்டர் என்று அவர் கேட்டிருக்கலாம். அப்படி ஒன்று தம் வண்டியில் இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

பல்சர், எஃப்.இசட்., என்ஃபீல்டு கிளாசிக் போன்ற வண்டிகளில் தனி அறைக்குள் காகித ஃபில்டர் இருக்கிறது. இங்கேதான் அந்த முப்பது ரூபாய், தொண்ணூறு ரூபாய்க் கேள்வி எழுகிறது.

அந்தக் காகிதம் நாம் எழுதும் காகிதம் போன்றதன்று. கொதிக்கும் ஆயிலில் மாதக்கணக்கில் ஊறினாலும் கிழியாதபடி பிசின் ஏற்றிப் பதப்படுத்தப்பட்டது. சிறிய இடத்தில் பெரிய பரப்பு கிடைக்க வேண்டும் என்பதற்காக அதை விசிறிபோல் மடித்து வட்டமாக்கியிருப்பார்கள். மனிதனின் தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான் தடிமன் என்றால், இந்தக் காகிதம் அதில் பாதி, மூன்றிலொரு பங்கு அளவுள்ள துகள்களையும் நிறுத்துகிறது. பேரிங்குகளுக்குள் நிற்கும் ஆயில் படலமோ சில மைக்ரான் கனமே உடையது. அந்தப் படலத்தைவிடப் பெரிய துகள் உள்ளே போனால் உலோகத்தை அறுக்கும். சேலத்து வெள்ளைக்கல் சுரங்கப் பகுதியிலும், ஜல்லி கிரஷர்கள் உள்ள சாலைகளிலும் வண்டி ஓட்டுவோருக்குக் காற்றுவழிப் புழுதியும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. ஏர் ஃபில்டர் கிழிந்திருந்தால் அந்தப் புழுதியில் ஒரு பகுதி கடைசியில் ஆயிலுக்கு வந்துசேரும்.

மலிவான போலி ஃபில்டரில் குறைக்கப்படுவது இந்தக் காகிதமும் பசையும்தான். மடிப்புகளின் எண்ணிக்கை குறைந்திருக்கும். சில மடிப்புகள் ஒட்டிக்கொண்டும் சில அகன்றும் கிடக்கும். இரு முனைகளிலும் மூடியோடு காகிதத்தை ஒட்டும் பசை திட்டுத்திட்டாக இருக்கும். அந்தப் பசை சூட்டில் விட்டுவிட்டால், ஆயில் காகிதத்தின் வழியே போகாமல் அந்த இடுக்கு வழியே போய்விடும். ஃபில்டர் இருந்தும் இல்லாத நிலை. ஒருமுறை மாணவர்களின் முன்னே இரண்டு ஃபில்டர்களையும் கத்தியால் அறுத்துக் காகிதத்தை விரித்துக் காட்டினோம். மலிவானதன் நீளம் மற்றதில் பாதியைச் சற்றே தாண்டியது. அதன் பிறகு அந்த வகுப்பில் விலையைப் பற்றிய கேள்வி எழவில்லை.

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த நிகழ்ச்சி நாம் அனைவரும் ஓதியதே. மேலே காய்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாக இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என வணிகர் காரணம் கூறியபோது, மக்கள் காணும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் அறிவித்தார்கள். அச்சில் அசலைப்போலவே தோன்றும் அட்டைப்பெட்டியில் போலி ஃபில்டரை அடைத்து விற்பது இதே குற்றம்தான். நம் சமுதாயத்தில் உதிரிபாகக் கடை வைத்திருப்போர் பலர் இருக்கின்றனர். "கஸ்டமர் மலிவாகக் கேட்கிறார், நாங்கள் கொடுக்கிறோம்" என்று அவர்கள் கூறுவதையும் கேட்டிருக்கிறோம். மலிவானது என்று சொல்லி விற்பது வேறு. அசல் என்று சொல்லி விற்பது வேறு. முன்னதில் வாங்குபவருக்குத் தேர்வு இருக்கிறது.

வாங்குபவர் செய்யக்கூடியது என்னவென்றால், கையேட்டில் உள்ள பாக எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்தக் கம்பெனியின் உதிரிபாக விற்பனையகத்திலேயே கேட்டு வாங்கி, பில் பெறுவது. பிற நிறுவனங்கள் செய்யும் தரமான ஃபில்டர்களும் உண்டு. அவை தம் பெயரிலேயே விற்கப்படுகின்றன, பிறர் பெயரில் ஒளிந்துகொள்வதில்லை. வாங்கியதைப் பழையதன் அருகே வைத்து உயரம், விட்டம், நடுத்துளை மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மடிப்புகள் சீராக உள்ளனவா, மூடியை விரலால் மெல்லத் திருகினால் அசைகிறதா என்றும் பார்க்கலாம்.

காகித ஃபில்டரைப் பெட்ரோலில் அலசி மறுபடியும் போடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது கூடாது. கம்பிச் சல்லடையைக் கழுவலாம்; காகிதத்தைக் கழுவினால் வெளிப்புறத்து அழுக்கு உட்புறத்திற்குப் போவதே மிச்சம். ஒரு தடவை விட்டு ஒரு தடவை ஃபில்டர் மாற்றினால் போதும் என்போரும் உளர். கையேடு அவ்வாறு அனுமதிக்கும் வண்டிகளிலும் ஒவ்வொரு முறையும் மாற்றிவிடுவதே நம் வழக்கம். பழைய ஃபில்டரில் ஊறிய அழுக்கு ஆயிலைப் புதிய ஆயிலோடு கலக்க மனம் ஒப்புவதில்லை.

அடைத்துப்போன ஃபில்டரால் ஆயில் நின்றுவிடாதா எனச் சில மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. அதற்கென்றே ஃபில்டரிலோ எஞ்சின் உடலிலோ பைபாஸ் வால்வு என்ற சிறு கதவை வைக்கிறார்கள். ஃபில்டர் அடைத்து அழுத்தம் ஏறினால் அக்கதவு திறந்து, வடிகட்டப்படாத ஆயிலை அப்படியே அனுப்பிவிடும். ஆயிலே இல்லாமல் உலோகம் உலோகத்தோடு உரசினால் நொடிகளில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அழுக்கு ஆயில் அதைவிட மேல். ஃபிக்ஹு வகுப்பில் நிர்ப்பந்த நிலைக்குரிய சட்டத்தை விளக்கும்போது இந்த வால்வை உதாரணம் காட்டுவோம். மாணவர்கள் சிரிப்பார்கள், ஆயினும் மறக்கமாட்டார்கள். நிர்ப்பந்தத்திற்கான அனுமதியை அன்றாட வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது என்பதும் இரண்டிற்கும் பொருந்தும்: நாள்பட்ட ஃபில்டரோடு ஓடும் வண்டி அந்தக் கதவின் தயவிலேயே ஓடிக்கொண்டிருக்கக்கூடும்.

இனி மாற்றும் முறை. வண்டியை இரண்டு மூன்று நிமிடம் ஓட விட்டு நிறுத்த வேண்டும். வெதுவெதுப்பான ஆயில் எளிதில் இறங்கும், அழுக்கையும் சேர்த்துக் கொண்டுவரும். கொதிக்கும் நிலையில் கை வைக்கலாகாது. சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, அடியில் அகன்ற தட்டை வைத்து, மேல்மூடியைத் திறந்துவிட்டு, டிரெய்ன் போல்ட்டைக் கழற்ற வேண்டும். சொட்டுவது நிற்கும் வரை பொறுமையாக இருக்க வேண்டும். போல்ட்டின் முனையை ஒரு துணியில் துடைத்துப் பார்த்தால் எஞ்சினின் நிலை ஓரளவு தெரியும். நெய்போன்ற நுண்ணிய சாம்பல்நிறப் பூச்சு இயல்பானது; புது வண்டியின் முதல் சர்வீஸில் அது சற்று அதிகமாகவே இருக்கும். கண்ணுக்குத் தெரியும் செதில்கள் வந்தால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

ஃபில்டர் அறையின் மூடியைக் கழற்றும்போது உள்ளே ஸ்பிரிங் இருந்தால் அது எந்தப் பக்கம் இருந்தது என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நலம். சில மாடல்களில் ஃபில்டருக்கு உட்பக்கம், வெளிப்பக்கம் உண்டு. எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். திருப்பிப் போட்டால் ஆயிலின் பாதை அடைபட்டு, எஞ்சின் வறண்டு கெட்டுப்போகும். முப்பது ரூபாய் ஃபில்டரைவிட இது பெரிய ஆபத்து. மூடியின் ஓ-ரிங்கைப் புதிதாக மாற்றி, விரலால் சிறிது புதிய ஆயில் தடவிப் பொருத்த வேண்டும்.

டிரெய்ன் போல்ட்டைப் பலம் காட்டி முறுக்குவது இளைஞர்களின் வழக்கம். எஞ்சினின் அடிப்பகுதி அலுமினியம், போல்ட்டோ இரும்பு. அலுமினியத்தில் மரை அழிந்துவிட்டால் பிறகு லேத் பட்டறைக்குத்தான் செல்ல வேண்டும். புதிய வாஷர் போட்டு, கையால் மரையில் ஏற்றி, பின்னர் ஸ்பேனரால் அளவோடு இறுக்கினால் போதும்.

ஊற்ற வேண்டிய அளவு கையேட்டில் இருக்கிறது. ஃபில்டர் மாற்றாதபோது ஓர் அளவும், மாற்றும்போது அதைவிடச் சற்றுக் கூடுதலான அளவும் தந்திருப்பார்கள். ஊற்றியதும் ஒரு நிமிடம் எஞ்சினை ஓட விட்டு நிறுத்தி, சில நிமிடம் கழித்து மட்டம் பார்க்க வேண்டும். புதிய ஃபில்டர் கொஞ்சம் ஆயிலைக் குடித்திருக்கும். ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் ஆயில் கேஜைத் துடைத்து, மரையில் திருகாமல் வெறுமனே இறக்கி எடுத்துப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தீங்கே. கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும்.

எந்த ஆயில் என்பதில் ஒரு நிகழ்ச்சியைக் கூற வேண்டியுள்ளது. நமக்குத் தெரிந்த உஸ்தாத் ஒருவர் ஏற்காட்டுக்கு வண்டியில் சென்றார். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியில் எஞ்சின் கூவுகிறது, வண்டி ஏறவில்லை. கிளட்ச் போய்விட்டது எனத் தள்ளிக்கொண்டு இறங்கினார். பிரித்துப் பார்த்தபோது கிளட்ச் பிளேட்டுகள் தேயவில்லை, வழுக்கியிருக்கின்றன. முந்தின வாரம் ஒரு பட்டறையில், காருக்கு ஊற்றி மிஞ்சிய விலை உயர்ந்த ஆயிலை இவருடைய வண்டிக்கு அன்போடு ஊற்றியிருந்தார்கள்.

கியர் பைக்குகளில் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே ஊறிக்கிடக்கிறது. அதே ஆயில் பிஸ்டனில் உராய்வைக் குறைக்கவும் வேண்டும், கிளட்ச்சில் உராய்வைக் கெடுக்காமலும் இருக்க வேண்டும். கார்களில் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே இருப்பதால், எரிபொருள் மிச்சமாகும் பொருட்டு வழுவழுப்பு கூட்டும் மருந்துகளைக் கார் ஆயிலில் சேர்க்கின்றனர். அது பைக்கின் கிளட்ச்சை வழுக்கச் செய்யும். இதற்காகவே ஜப்பானிய வாகனத் தர அமைப்பு 1998-இல் பைக் ஆயிலுக்குத் தனித் தரம் வகுத்தது. டப்பாவின் பின்புறம் சிறு கட்டத்துக்குள் 'ஜாஸோ எம்.ஏ.' அல்லது 'எம்.ஏ.2' என்றிருந்தால் அது கியர் பைக்குக்கு உரியது. 'எம்.பி.' என்றிருந்தால் கியரில்லா ஸ்கூட்டருக்கு உரியது. வீட்டில் பெண்களுக்கு ஸ்கூட்டி, ஆண்களுக்கு பைக் என்றிருக்கும் இந்நாளில் ஒன்றில் மிஞ்சியதை மற்றதில் ஊற்றிவிடுவது எளிதில் நிகழக்கூடியது.

சேலத்து வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது என்று 20டபிள்யூ-50 ஆயிலை எல்லா வண்டிக்கும் ஊற்றுவோர் உண்டு. பல்சருக்கு அதுவே உரியது. ஸ்பிளெண்டருக்கு 10டபிள்யூ-30 என்று வகுத்திருக்கிறார்கள். அதன் ஆயில் பாதைகளும் இடைவெளிகளும் அந்த ஆயிலுக்கென்றே அமைந்தவை. ஃபஜ்ர் நேரத்தில் குளிர்ந்து கிடக்கும் எஞ்சினைக் கிளப்பும்போது கெட்டி ஆயில் மேலே ஏறத் தாமதமாகும். தேய்மானம் அந்தச் சில நொடிகளில்தான் அதிகம்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது? நம் பகுதி மெக்கானிக்குகள் 2000, 2500 என்பார்கள். கையேடுகள் பெரும்பாலும் அதைவிட அதிகம் சொல்கின்றன. புழுதிச் சாலை, மலைப்பாதை, இருவரும் சுமையும் என்று ஓடும் வண்டிக்குக் கையேட்டின் கணக்கைச் சற்றுக் குறைத்துக்கொள்வது முறை. தேவையின்றி ஆயிரத்திற்கு ஒருமுறை மாற்றுவது வீண் விரயம். முஅத்தின்களின் வண்டி நிலை வேறு. வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்கு ஒரு கிலோமீட்டர், ஐவேளையும் போய்வருவார்கள்; கிலோமீட்டர் கணக்கு ஏறாது. ஆனால் எஞ்சின் முழுதாகச் சூடேறாததால் நீராவியும் பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடும. அத்தகைய வண்டிக்குத் தூரத்தைப் பாராமல் ஆறு மாதத்திற்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

இதில் நாமக்கல்லின் லாரிப் பட்டறைகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். லாரியும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியும் ஒரு நாள் நின்றால் எவ்வளவு இழப்பு என்பது அவற்றின் உரிமையாளருக்குத் தெரியும். எனவே மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஃபில்டரின் மேலேயே மார்க்கரால் எழுதிவிடுகிறார்கள். கழற்றிய ஃபில்டரை அறுத்து, உள்ளே உலோகப் பொடி இருக்கிறதா எனப் பார்க்கும் மூத்த மெக்கானிக் ஒருவரையும் அங்கே கண்டோம். நம் மாணவர்களும் இப்போது பக்கவாட்டு மூடியின் உட்புறம் ஒரு தாளை ஒட்டி, தேதியையும் கிலோமீட்டரையும் எழுதுகிறார்கள். ஹிஜ்ரி தேதியும் சேர்த்து எழுதுபவர் ஒருவர் உண்டு.

வேலை முடிந்து ஜும்ஆவுக்குப் புறப்படும்போது எழும் ஐயம்: ஆயில் பட்ட உடையோடு தொழலாமா? எஞ்சின் ஆயில் நஜீஸ் அன்று. கறை தொழுகையைக் கெடுக்காது. எனினும் ஜும்ஆவுக்குத் தூய ஆடை அணிவது சுன்னத் என்பதை மறக்கலாகாது. ஒளுவைப் பொறுத்தவரை, தண்ணீர் தோலில் படாதபடி தடுக்கும் கெட்டிப் படலம் இருந்தால் அதை நீக்கியே ஆக வேண்டும். நகக்கண்ணில் இறுகிய கிரீஸ் அத்தகையது. முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்து இளக்கி, பின்னர் சீயக்காய்த் தூளோ சோப்போ போட்டால் போய்விடும். பழைய ஆயிலில் எரிந்த பெட்ரோலின் தீய கழிவுகள் உள்ளன. அவை தோலில் நெடுநேரம் தங்குவது உடல்நலத்துக்குக் கேடு. முதலிலேயே கையுறை அணிந்துகொண்டால் இரண்டு தொல்லையும் இல்லை.

வடித்த ஆயிலை என்ன செய்வது என்பதுதான் மிச்சம். சாக்கடையில் ஊற்றுவோர், காலி மனையில் ஊற்றுவோர், வேலிக்காலுக்குக் கறையான் பிடிக்காமல் பூசுவோர், சென்ட்ரிங் பலகைக்குக் கொடுப்போர் என்று பலவிதம். ஒரு காரிலிருந்து ஒருமுறை வடிக்கும் ஆயில் பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. சேலத்தில் சாக்கடை திருமணிமுத்தாற்றில் கலக்கிறது. அந்த ஆறு நாமக்கல் மாவட்டத்து வயல்களைக் கடந்து காவிரிக்குப் போகிறது. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே தடுத்த மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி பழைய ஆயில் அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்கே போக வேண்டும். அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு, 2024 ஏப்ரல் முதல் ஆயில் தயாரிப்பாளர்கள் மீதும் சுமத்தப்பட்டுள்ளது.

ஒருவரின் ஒரு லிட்டரை வாங்க யாரும் வரமாட்டார்கள். ஆகவே மத்ரஸாவின் பின்புறம் மூடியுள்ள ஒரு 20 லிட்டர் கேன் வைத்திருக்கிறோம். பழைய ஃபில்டரையும் ஓர் இரவு அதன் மேல் கவிழ்த்து வைத்து, வடிந்த பிறகே அப்புறப்படுத்துகிறோம். மஹல்லாவாசிகள் தங்கள் வீட்டு வண்டியின் ஆயிலையும் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். கேன் நிரம்பியதும் பழைய ஆயிலைப் பேரல் கணக்கில் அனுமதி பெற்றவர்களிடம் ஒப்படைக்கும் ஒரு லாரிப் பட்டறைக்கு எடுத்துச் சென்று சேர்த்துவிடுகிறோம். சென்ற துல்ஹஜ் முதல் இது இரண்டாவது கேன்.